வெள்ளை மூடி, நீல மூடி

கடல் இல்லாத நாட்டில்
நாலாவது மாடியில்
இருநூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறோம்.
உப்பு வாளியில் வந்தது.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
ஒஸ்த்ராவாவின் குழாய்த் தண்ணீரைச்
சவ்வில் வடித்து
அதற்குத் தெரிந்ததையெல்லாம் மறக்கச் செய்த பிறகே
கரைக்கலாம் என்பது யாரோமீரின் சட்டம்.

அவன் இரவு டிராம் ஓட்டுகிறான்.
நான் பகலில் தபால் நிலையத்தில் பார்சல் நிறுக்கிறேன்.
மெத்தையின் ஒரே குழியில்
முறை வைத்துத் தூங்குகிறோம்.

தொட்டியின் பக்கவாட்டில் ஒரு காகிதம்:
காலை, வெள்ளை மூடி, கால்சியம், நான்.
மாலை, நீல மூடி, காரம், நீ.
ஒருபோதும் சேர்த்து ஊற்றாதே.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.
பதினோரு வருடத்தில்
இதைவிட நீளமாக அவன் எனக்கு எழுதியதில்லை.

ஞாயிறுதோறும் சோதனை.
சின்னக் குப்பியை ஜன்னலுக்கு நேரே பிடித்துச்
சொட்டுச் சொட்டாய் விடுவான்.
இளஞ்சிவப்பு நீலமாகும் அந்தச் சொட்டு எது என்று
எனக்கும் அவனுக்கும் எப்போதும் ஒரு சொட்டு வித்தியாசம்.
கட்டம் போட்ட நோட்டில் அவன் எண்ணே ஏறும்:
கால்சியம் நானூற்றுப் பத்து.
காரத்தன்மை ஏழரை.
மக்னீசியம் குறைவு.

மக்னீசியம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.
நடுவில் நிற்கிற ஆள் என்றான்.
அது விலகினால் மற்ற இரண்டும்
கண்ட இடத்தில் கட்டிப்பிடித்துக்
கல்லாகிவிடுமாம்.

இத்தனையும் ஒரு நிறத்துக்காக.
ஒபாவாவில் ஷிமெச்செக் என்பவர்
ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்த கல்லில்
அந்த நிறம் இருந்தது.
பீட்ரூட் நறுக்கிய பலகையில்
கழுவியும் போகாமல் நிற்குமே, அது.
பாசிதான், ஆனால் வழுக்காது,
நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு.
எங்கள் தண்ணீரில் மூன்றே வாரத்தில் வெளுத்தது.
பிறகு எட்டு மாதம்
பாறையெல்லாம் எலும்பு நிறம்.

பிப்ரவரியில் தண்டவாளத்தில் பனி இறுகி
அவனுக்கு மூன்று நாள் விடுப்பு.
எனக்குக் காய்ச்சல்.
ஒரே வீட்டில், ஒரே பகலில், இரண்டு பேர்.
எதில் தொடங்கியது என்று நினைவில்லை,
ஈரத் துண்டாக இருக்கலாம்.
நான் கோபத்தோடு நீல மூடியைத் திறந்து ஊற்றினேன்,
என் வேலை முடிந்தது என்பது போல.
நான் ஊற்றியது தெரியாமல்
அவன் வெள்ளை மூடியைத் திறந்தான்,
அதே கோபத்தோடு, அதே மூலையில்.

தண்ணீருக்குள் பனி பெய்தது.
ஜன்னலுக்கு வெளியே பெய்ததைப் போலவே,
அவசரமில்லாமல்.
கோமாளி மீன் எங்கே போவது என்று தெரியாமல்
செவுளை மட்டும் அடித்துக்கொண்டு நின்றது.

இருட்டும்வரை தரையில் உட்கார்ந்து
குழாய் வைத்து உறிஞ்சினோம், வாளி மாற்றினோம்.
பம்பை அவன் வினிகரில் ஊறவைத்தான்.
நுரைத்தது.
யார் தவறு என்று யாரும் கேட்கவில்லை.
கேட்க நேரம் இருந்தது.

அந்த ஞாயிறு காரத்தன்மை ஐந்து.
இது நான் சொன்ன எண்.
அப்படியே எழுதினான்.

ஏப்ரலில் ஒரு மாலை
நீல மூடியோடு குனிந்தபோது கண்டேன்.
பாறையில் இல்லை.
வெப்பமானியை ஒட்டவைத்திருக்கும் ரப்பர்க் குமிழின் விளிம்பில்
ஆணித்தலை அளவு.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
உள்ளே கை விட்டுத் தொட்டேன், வழுக்கவில்லை.

அவன் அப்போது எட்டாம் எண் டிராமில்.
தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டேன்.
காகிதத்தில், அந்த இரண்டு கோட்டுக்கும் கீழே, எழுதினேன்:
வெப்பமானிக்குப் பின்னால் பார்.

மறுநாள் மாலை வந்தபோது
அவன் கிளம்பியிருந்தான்.
மெத்தைக் குழியில் இன்னும் சூடு.
என் வரிக்கு அடியில்
பென்சிலால் அவன் எழுத்து:
பார்த்தேன். இரண்டு இருக்கின்றன.